ஊருக்கு ஆகாத மிஷின்

கொடியில் காயப்போட்ட துண்டு காற்றில் விழுந்துவிட்டால், எங்கள் ஊரில் எடுத்துப் புழுதியைத் தட்டிவிட்டு மறுபடியும் போடுவோம். இங்கே ஓசூரில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. போன ஆடியில் விடாமல் தூறல் போட்ட வாரங்களில், என் வீட்டுக்காரருடைய வெள்ளைத் துண்டு ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மனதுக்குள் இரண்டு பேரைச் சந்தேகப்பட்டு, அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் கூட இருந்தேன். பிறகு ஒரு நாள் கொடிக்கு நேர் கீழேயே, புல்லுக்குள் அது கிடந்தது. அதன் இழைகளுக்கு நடுவிலேயே புல் முளைத்து மேலே வந்திருந்தது. துண்டைப் பிய்த்துத்தான் எடுக்க முடிந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கும் என் தங்கச்சிக்கு இதைப் போனில் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் ஓசூருக்கு வந்த பிறகு அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பது அவளுடைய நாள்பட்ட குறை.

ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியவளைப் புலம்பெயர்ந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். விசா கிடையாது, விமானம் கிடையாது, ஒரு ராத்திரி பஸ்தான். ஆனால் அந்த பஸ்ஸை விட்டு இறங்கியபோது பால்காரர் கன்னடத்தில் பேசினார், காய்கறிக்காரம்மா தெலுங்கில் விலை சொன்னார், மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி காலையில் பதினொரு மணிக்கு வேலி ஓரத்தில் நின்று, "ஊட்டா ஆய்த்தா" என்று கேட்டாள். சாப்பாடு ஆயிற்றா என்கிறாள் என்று புரிந்தது. பதினொரு மணிக்கு எதற்குச் சாப்பாட்டைக் கேட்கிறாள், நம் வீட்டில் சமைக்கவில்லை என்று நினைத்துவிட்டாளா என்று அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே ரோஷம். நலம் விசாரிக்கிறாள் என்று தெரியவே வெகு நாள் ஆனது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் முனிரத்னம்மா. தொரப்பள்ளி போகும் வழியில் சிப்காட் வேலைக்காரர்களாகச் சேர்ந்து மனை வாங்கிய லேஅவுட் எங்களுடையது. அதில் பாதி ஒரு காலத்தில் முனிரத்னம்மா குடும்பம் ராகி விதைத்த நிலம். விற்றது போக மீதியில் வீடும், மாட்டுக்கொட்டகையும், ஒரு தோட்டமும் வைத்திருக்கிறார்கள். அவள் என்னை அக்கா என்பாள், நானும் அவளை அக்கா என்பேன். இரண்டு பேருக்கும் மூத்தவளாக இருக்க இஷ்டமில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் இடம் உண்டு. அதில் புல் முழங்கால் உயரம் வந்ததும், கேட்காமலேயே குடுகோலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கதிர் அறுக்கும் சிறு அரிவாளுக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர். குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து அறுத்து, பெரிய கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவாள். நான் காபி கொடுப்பேன். ஊருக்குப் போய்வந்தால் கருப்பட்டியும் சேவும் கொடுப்பேன். அவள் பதிலுக்கு ஒரு சொம்பு பாலோ, ஒரு பிடி கீரையோ தருவாள். அவளுடைய மாடுகளுக்கு இத்தனை வருஷமாக நாம் தீனி போடுகிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவரைத் தன் நிலத்தில் புல் அறுக்க விடுவது சாதாரண உபகாரம் இல்லை.

போன ஆடியில் அவள் வரவில்லை. தூறல் நின்றபாடில்லை, புல் துணிக்கொடிக் கம்பத்தின் பாதியைத் தொட்டது, முனிரத்னம்மாவைக் காணோம். கேட்கவும் எனக்குக் கூச்சம். என் வீட்டுப் புல்லை வந்து எடுத்துக்கொள் என்று கூப்பிட்டால், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது போல் ஆகிவிடும். துண்டு கிடைத்த அதே வாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டையும் கிடைத்தது. அன்றைக்கே தீர்மானித்தேன், புல் வெட்டும் மிஷின் ஒன்று வாங்கியாக வேண்டும். வீட்டுக்காரரும் உடனே சரி என்றார். அவர் சரி என்றதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஊருக்கு ஆகுமா?

அந்தக் கேள்வியை விளக்கிவிட்டு மேலே போகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே ரிட்டயர் ஆனதும் ஊர் திரும்புவது என்பது அவர் கணக்கு. அதனால் எங்கள் கட்டில் போல்ட் நட்டைக் கழற்றினால் பலகையாகிவிடும். பீரோ இரண்டாகப் பிரியும். கிரைண்டர் வாங்கலாம், ஊருக்கு ஆகும். மின்விசிறி வாங்கலாம், ஊருக்கு மிகவும் ஆகும். சுடுதண்ணீர் ஹீட்டர் கூடாது, ஊர் வெயிலில் வைத்த தண்ணீரே சுடுதண்ணீர்தான். வாஷிங் மெஷின் கூடாது, அங்கே அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது. கம்பளி கூட, மகளுக்குச் சின்ன வயதில் இளைப்பு வந்து டாக்டர் சொன்ன பிறகுதான் வாங்கினார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, போகும்போது வீட்டை விற்க வேண்டுமே, ஓட்டை விழுந்தால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான். கம்பெனியில் நாள் முழுக்க டிரில் பிடிக்கும் மனுஷன் வீட்டில் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மகள் படித்து பெங்களூரில் வேலைக்கே போய்விட்டாள், காலண்டர் மட்டும் அந்தக் கம்பியை விட்டு நகரவில்லை.

இப்போது ரிட்டயர்மென்ட் எட்டிப் பார்க்கும் தூரத்தில் வந்துவிட்டது. போவோமா இருப்போமா என்று நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. அவர் போவது என்று தீர்மானித்துவிட்டார், நான் சம்மதித்துவிட்டேன் என்றும் அவரே தீர்மானித்துவிட்டார். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். அதை எங்கே வைத்துச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

கடைக்குப் போனோம். ஒரு கடைக்கு இல்லை, மூன்று கடைக்கு. கம்பெனியில் ஒரு ஸ்பேனர் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் எடுக்க வேண்டும் என்பது விதியாம். மனுஷனுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. பாகலூர் ரோட்டில் ஒரு கடை, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. மூன்றிலும் என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். நான் ஓரமாக நின்றே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். பெட்ரோலில் ஓடுவது ஒரு ஜாதி. பெட்ரோலில் ஆயிலைச் சரியான அளவு கலந்து ஊற்ற வேண்டும், தோளில் பட்டை மாட்டிக்கொண்டு தூக்க வேண்டும், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரும்பு பிளேடு போட்டால் புதரையே வெட்டும். கரண்டில் ஓடுவது இன்னொன்று. ஒயர் கூடவே வரும், ஈரப் புல்லில் பயம். மூன்றாவது பேட்டரி. நீளக் குழாய், மேலே பிடி, கீழே ஒரு வட்டமான தலை. அந்தத் தலையிலிருந்து தூண்டில் போடும் தங்கூசி மாதிரி நைலான் நரம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றுகிற வேகத்தில் புல் அறுந்து விழும். நரம்பு தேய்ந்து குட்டையானால் தலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் போதும், இன்னும் கொஞ்சம் நீளும். கல்லில் பட்டால் நரம்புதான் அறும், கல் அவ்வளவாகப் பறக்காது. எடையும் ஒரு தண்ணீர்க் குடத்தில் பாதி கூட இல்லை.

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நைலான் நரம்பால் புல்லைத் தவிர வேறெதையும் வெட்ட முடியாது என்று கடைக்காரர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்தது. வீட்டுக்காரருக்கு அதுவேதான் பிடிக்கவில்லை. மூன்றாவது கடையை விட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபடி தீர்ப்பைச் சொன்னார்.

"பெட்ரோல்தான் சரி. பிளேடு போட்டா நம்ம ஊரு கருவேலத்த வெட்டிரலாம். அந்தப் பேட்டரி மிஷினு ஊருக்கு ஆகாது."

எங்கள் ஊரில் புல் கிடையாது. சீமைக் கருவேலம் உண்டு, அது போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு. அவருடைய பங்குக்கு விட்டிருக்கும் நிலம் முழுக்க அதுதான் நிற்கிறது. ஆக அவர் வாங்கப்போவது என் கொல்லைப் புல்லுக்கு இல்லை. ரிட்டயரான மறுவாரம் போய் இறங்கி வெட்டப்போகும் கருவேலத்துக்கு. பெட்ரோல் மிஷின் வந்தால் அதற்குப் பின்னால் லாரியும் வரும், பிரித்த கட்டிலும் பீரோவும் ஏறும், நானும் ஏற வேண்டும். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீடு வரும்வரை எனக்கு இது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு புல் வெட்டும் மிஷினில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஊரை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் ஊரைப் பற்றி வெளி ஆள் ஒருவர் குறை சொன்னால் சண்டைக்கே போவேன். ஆனால் எனக்கு அந்த ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தள்ளுவண்டி. உங்களில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். நாலு குடம் வைக்கிற இரும்பு வண்டி, சின்னச் சக்கரம், அதைத் தள்ளிக்கொண்டு ஊருணிக்கோ, எங்கோ குழாய் வருகிற பக்கத்து ஊருக்கோ போவோம். கல்யாணமாகிப் போன வீட்டில் எனக்குக் கொடுத்த முதல் வேலை அந்த வண்டிதான். மணலில் சக்கரம் புதைந்துகொள்ளும். ஒரு குடம் சரிந்தால் அன்றைய பொழுதே சரிந்தது. ஓசூருக்கு வந்த முதல் நாள், வாடகை வீட்டில் பைப்பைத் திறந்துவிட்டு, ஐஸ் மாதிரி விழுந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் இங்கேதான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றேன். இங்கேதான் கடைக்காரர்கள் என்னை இன்னார் மருமகள் என்று கூப்பிடாமல் மேடம் என்று கூப்பிட்டார்கள். அதைச் சொல்லித் தங்கச்சி என்னை நன்றாகக் கேலி செய்வாள், செய்யட்டும். இந்த வயதில் திரும்பிப் போய் அந்த வண்டியின் பிடியைப் பிடிக்க எனக்கு மனமில்லை. இப்போது ஊரில் குழாய் வந்துவிட்டது என்கிறார்கள். குழாய் வந்தது, தண்ணீரும் எப்போதாவது வருகிறதாம்.

வாங்குவதற்கு முன்னால் டிரையல் எடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் அடுத்த விதி. அந்த விதி வாழ்க. இவரோடு வேலை பார்க்கும் மாதப்பன் என்பவருக்குக் காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு இருக்கிறது. மரங்களுக்கு நடுவே களை வெட்ட அவர் வைத்திருந்த பெட்ரோல் மிஷினை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கிவந்தார். கம்பெனி ஷூ, கம்பெனிக் கண்ணாடி, காதில் பஞ்சு எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முதலில் நானே கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தேன். இவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், வார நாட்களில் வெட்டப்போவது நான்தானே. பட்டையைத் தோளில் போட்டதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். பழகிவிடும் என்றார். அந்தத் தள்ளுவண்டிக்கும் எனக்கு இதையேதான் சொன்னார்கள், ஆனால் அவர் சொல்லவில்லை, அவர் அம்மா சொன்னார்.

கயிற்றை இழுத்து இழுத்து ஒரு வழியாக மிஷின் கிளம்பியது. தெருவே அதிர்ந்தது. புல் என்னவோ அழகாக விழுந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கொடிக்கம்பத்தைத் தாண்டி, தொட்டிப் பக்கம் திரும்பினார். வீடு கட்டியபோது மிச்சம் விழுந்த ஜல்லி அங்கே புல்லுக்குள் புதைந்து கிடந்தது எங்கள் இருவருக்கும் மறந்தே போயிருந்தது. பிளேடில் ஒரு கல் பட்டது. டங் என்று சத்தம் கேட்ட அதே நொடி என் சமையலறை ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாகக் கொட்டியது. நல்லவேளை, நான் வெளியே நின்றேன். அடுப்பில் இருந்த சாம்பார் முழுக்கக் கண்ணாடி.

மிஷினை நிறுத்தினார். அந்த அமைதியில் வேலிப்பக்கம் முனிரத்னம்மா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. ஒரு கையால் வேலிக் கம்பத்தைப் பிடித்து, ஒரு காலை நீட்டித் தாங்கலாக நின்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளுடைய மாட்டுத் தீனியை நாங்கள் தூள்தூளாக்கிக்கொண்டிருக்கிறோம், அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவள் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை. மிஷினைப் பார்த்தாள்.

"ஏன்க்கா, ஊருக்குப் போற ஜனங்கோ நீங்க. உங்களுக்கு எதுக்கு மிஷினு?"

நான் தடுமாறி, நீங்கள் வரவில்லையே, புல் வளர்ந்துவிட்டது, உங்கள் மாட்டுக்குத் தேவைப்படும் என்றுதான் இத்தனை நாள் விட்டு வைத்தோம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று என்னென்னமோ சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுடைய மாடுகள் இந்தக் கோரையை முகர்ந்து கூடப் பார்க்காதாம். தோட்டத்தில் தனியாகத் தீவனப்புல் போட்டிருக்கிறாள். என் கொல்லையில் அறுத்த புல்லுக்கட்டுகளையெல்லாம் இத்தனை வருஷமும் கொண்டுபோய் எருக்குழியில்தான் கொட்டியிருக்கிறாள்.

அப்படியானால் எதற்கு வந்து வெட்டினீர்கள் என்று கேட்டேன். எனக்கே என் குரல் அசடாகக் கேட்டது.

"எங்க நெலத்துல ஊடு கட்டினு வந்த ஜனங்கோ. இன்னைக்குப் போறோம், நாளைக்குப் போறோம்னு சார் சொல்லிக்கினே இருக்காரு. ஊட்டுக்கு வந்த நெண்டரு கிட்ட அரிவா குடுத்துப் புல்லு வெட்டுன்னு சொல்வாங்களா? நாங்கதான் வெட்டணும். இந்த மழைக்கு முட்டி புடிச்சுக்கிச்சு, குந்த முடியல. வெட்ட வரலையேன்னு நீங்க கோவமா இருப்பீங்கன்னு எனக்கு ஒரே கூச்சம்."

நெண்டரு என்றால் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள். நான் அவளுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தேன், அவள் எனக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தாள். நான் புல்லுக்குக் கைமாறு என்று நினைத்து வாங்கிக்கொண்ட பாலும் கீரையும், விருந்தாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பாலும் கீரையும். நான் ஒட்டுறவுக்காகக் கொடுத்த கருப்பட்டியை அவள் அறுப்புக்கூலியாக நினைத்து, மறுத்தால் வருத்தப்படுவோம் என்று வாங்கியிருக்கிறாள். மூட்டு வலியோடு இரண்டு வருஷமாகவே குந்திக் குந்தி வெட்டியிருக்கிறாள் என்பதும் பேச்சுவாக்கில் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து காபி போட்டேன், கண்ணாடி விழாத பாத்திரமாகத் தேடி எடுத்து.

வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பாதி வெட்டிய புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் அவளுடைய பேச்சை ஒன்று விடாமல் கேட்டிருந்தார். வேலை பார்த்து, வரி கட்டி, ஓட்டுப் போட்டு, மகளை வளர்த்து ஆளாக்கிய ஊரில், பக்கத்து வீட்டார் பார்வைக்கு நாங்கள் இன்னும் பையைத் திறக்காத விருந்தாளிகள். அப்படி அவர்கள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. பையைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது இவர்தான். மிஷினைத் துடைத்து, மாதப்பனிடம் கொடுத்துவிட்டு வந்தார். புதுக் கண்ணாடி வெட்டி வாங்கிவந்து ஜன்னலில் பொருத்தினார். நானும் எதுவும் கேட்கவில்லை. இவரைக் கிளறினால் பழைய பாட்டுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, கிளம்பு கடைக்கு என்றார். பாகலூர் ரோட்டுக் கடைதான். அன்றைக்கு என்னை ஓரமாக நிற்க வைக்கவில்லை. முன்னால் தள்ளிவிட்டு, கடைக்காரரிடம் சொன்னார்.

"இவுக தான் வெட்டப் போறது. இவுக கைக்குத் தோதா உள்ளதக் காட்டுங்க."

கடைக்காரர் அந்தப் பேட்டரி மிஷினை எடுத்துக் கொடுத்தார். நான் பிடித்தேன். வீட்டுக்காரர் கீழே குந்தி, குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, நடுப்பிடியை என் முழங்கைக்கு நேராகக் கொண்டுவந்து திருகினார். முதுகு வளையாமல் நிற்கிறேனா என்று ஒரு பக்கமாகப் போய் நின்று பார்த்தார். கல்யாணத்துக்கு எனக்கு அவர் வளையல் வாங்கித் தந்தபோது கூட இவ்வளவு அளவு பார்த்தவரில்லை. ஆனாலும் கேட்டுவிடுவது என்று கேட்டேன், இது ஊருக்கு ஆகாதே என்று. அவர் திருகை இறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார்.

"ஊர்லதான் புல்லு இல்லையே. அங்க எதுக்கு மிஷினு."

அவ்வளவுதான். நாங்கள் பேச வேண்டிய அத்தனையும் அந்தக் கடையில் அந்த ஒரு வரியில் முடிந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவர் நரம்பை எப்படி மாற்றுவது, ஈரம் காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும், செருப்போடு வெட்டக் கூடாது, பேட்டரியை வெகுநாள் சார்ஜ் இல்லாமல் போட்டால் செத்துவிடும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன், ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசிச் செய்தி மட்டும் வீட்டுக்காரர் காதில் ஆழமாக ஏறிவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மிஷினை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. மூலையில் சாய்த்து வைத்தால் நரம்பு வளைந்துவிடும், தொங்கவிட வேண்டும் என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அவர் கம்பெனிப் பையிலிருந்து டிரில்லை எடுத்தார். பின்கட்டுச் சுவரில் பென்சிலால் குறி வைத்து, எங்கள் வீட்டின் முதல் ஓட்டையைப் போட்டார். செங்கல் தூள் தரையில் கொட்டியது. நான் துடைப்பத்தோடு ஓடிவந்தவள் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கியை மாட்டியவர், டிரில் கையில் இருக்கும்போதே செய்துவிடுவோம் என்று கூடத்துக்குப் போய்க் காலண்டருக்கும் ஒரு ஓட்டை போட்டார். அதோடு விடுவாரா. சாமி படம், கண்ணாடி, மகளின் பட்டமளிப்புப் போட்டோ என்று அன்றைக்கு ஆசை தீரும் மட்டும் துளைத்தார். நான் நிறுத்தச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இப்போது வாரம் ஒரு நாள், வெயில் ஏறிப் பனி காய்ந்ததும், ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறேன். விசையை அழுத்தினால் வண்டு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இடமிருந்து வலமாக வீசிக்கொண்டே போக வேண்டும், அவசரப்படக் கூடாது, சுவரோரம் மட்டும் நரம்பின் நுனியால் வெட்ட வேண்டும். அறுபட்ட புல்லின் பச்சை வாசம் ஏறும்போது எனக்கு எங்கோ பெரிய சொத்துக்காரி ஆகிவிட்ட நினைப்பு வருகிறது. எங்கள் கொல்லை முடிந்ததும் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு முனிரத்னம்மா வீட்டுக்குப் போகிறேன். முதல் நாள் அவள் ஒரேயடியாக மறுத்தாள். விருந்தாளி வந்து வெட்டுவதா என்றாள். இனிமேல் நாங்கள் எங்கும் போவதாக இல்லை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். கொட்டகையைச் சுற்றி நான் வெட்ட, பின்னாலேயே அவள் நின்று, அறுந்து விழுந்த நரம்புத் துண்டு மாட்டின் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று கண்ணில் பட்டதைச் சுட்டிக் காட்டுவாள், நான் பொறுக்குவேன். வேலை முடிந்ததும், ஊட்டா ஆய்த்தா என்று கேட்பாள். ஆகவில்லை என்று சொல்வேன். முன்பு மாதிரி ஆயிற்று என்று பொய் சொல்லாமல், அங்கேயே உட்கார்ந்து களி சாப்பிடுகிறேன்.

ஆவணிக் கடைசியில் ஊருக்குப் போனோம். வீட்டுக்காரரின் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. பூட்டிவிட்டுக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைப்பது இவர் வழக்கம். அணைத்த கையோடு, மிஷினின் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரோடு துணிப்பையில் சுற்றினார். எதற்கு என்றேன். சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்துவிடும் என்றார்களே என்றார். நாலைந்து நாளில் சாகாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மெயின்டனன்ஸ்காரரிடம் அது எடுபடவில்லை. தாம்பூலத் தட்டுக்கும் வேட்டி சட்டைக்கும் நடுவில் அது ராத்திரி பஸ்ஸில் எங்களோடு முதுகுளத்தூர் வந்தது.

ஊரில் அண்ணன் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை உண்டு. வீடு எடுத்துக் கட்டியபோதே அவர் தம்பி வந்துவிடுவான் என்று சேர்த்துக் கட்டியது. அதில் யாரையும் படுக்க விடமாட்டார், நெல் மூட்டையைக் கூட அடுக்க விடமாட்டார். ஒரு கொடி, ஒரு வெறும் அலமாரி, ஒரு பிளக். வருஷா வருஷம் வெள்ளை அடித்து வைத்திருப்பார். பந்தியெல்லாம் முடிந்து, பந்தல்காரர்கள் ஓலையை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தம்பியைப் பார்த்து எப்போதும் கேட்பதைக் கேட்டார். எப்பப்பா ஒரேடியா வர்றே? வழக்கமாக இவர் அந்தக் கேள்விக்கு ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பஸ் ஏறுகிற வரை சோர்ந்து கிடப்பார். அன்றைக்கு இவர் வேறு பதில் சொன்னார்.

"நாளைக்கே கெளம்பணும்ணே. அங்க மழை புடிச்சிருக்கு. புல்லு வளந்துரும்."

அண்ணன் புரியாமல் முற்றத்தைப் பார்த்தார். வெயிலில் வெளுத்துக் கிடந்த அந்த மண்ணில் ஒரு பச்சை இல்லை. பிறகு மெதுவாகப் புரிந்திருக்க வேண்டும். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு, சரிப்பா, வந்துட்டுப் போயிட்டு இருங்க என்றார். நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷன் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் எங்கள் அறைக்குள் போய்விட்டேன்.

அறையில் புதுச் சுண்ணாம்பு வாசம். அண்ணன் இத்தனை வருஷமாக எங்களுக்காக விட்டுவைத்த அலமாரியில், அந்தப் பேட்டரி மட்டும் உட்கார்ந்திருந்தது. மிஷின் ஓசூரில் கொக்கியில் தொங்க, அதன் உயிர் இங்கே, புல்லே முளைக்காத வீட்டில், சின்னப் பச்சை விளக்கை எரியவிட்டுச் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.